சேலத்தில் ஓர் ஏ.ஆர்.டி. மையமும் புற்றுநோய்ப் பிரிவும்: எட்டு மாதச் சிகிச்சைக்குப் பின் ஒரு மதிப்பீடு

சேலம் நகரில் எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஓர் அரசு ஏ.ஆர்.டி. மையத்திலும் அதே வளாகத்துப் புற்றுநோய்ப் பிரிவிலும் என் அண்ணனுக்கு எட்டு மாதங்களாகச் சிகிச்சை நடந்து வருகிறது. அவருக்கு எச்.ஐ.வி. தொற்றும், நிணநீர்ச் சுரப்பிகளில் வரும் லிம்போமா என்னும் புற்றுநோயும் ஒரே வாரத்தில் தெரியவந்தன. இரண்டையும் ஒருவரே ஒரே நேரத்தில் சுமக்கும்போது எங்கே போவது, யாரிடம் என்ன கேட்பது என்று வழிகாட்ட எங்கள் வீட்டுக்கு யாரும் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்த மதிப்பீட்டைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மையத்தின் பெயரையோ மருத்துவர்களின் பெயரையோ நான் குறிப்பிடவில்லை; குறிப்பிட்டால் ஏற்காட்டில் எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு சிற்றூரில் வாழும் என் அண்ணனை அடையாளம் கண்டுகொள்ள அது வழியாகிவிடும். நான் இங்கே எடைபோடுவது கட்டடத்தை அல்ல, அந்த இரண்டு பிரிவுகளும் சேர்ந்து அளித்த சேவையை.

அண்ணனுக்கு நாகலூர் பக்கம் கொஞ்சம் காபியும் மிளகும் உண்டு. டிசம்பரில் பழம் பறிக்கும் வேளையில் ஒரு கூடையைத் தூக்கவே மூச்சு வாங்கியது. இரவில் போர்வை நனையும் அளவுக்கு வியர்த்தது. இடது கழுத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. ஏற்காட்டிலிருந்து கீழே சேலத்துக்கு அனுப்பினார்கள். கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்த்ததில் லிம்போமா என்று வந்தது. கீமோதெரபி தொடங்கும் முன் எல்லோருக்கும் செய்யும் இரத்தப் பரிசோதனைகளுக்காக வளாகத்திலேயே இருந்த, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே எச்.ஐ.வி. உறுதியானது.

முதல் பாராட்டு அந்த நம்பிக்கை மையத்துக்குத்தான். பரிசோதனைக்கு முன்பும் முடிவு வந்த பின்பும் ஆலோசகர் தனி அறையில் உட்கார வைத்துப் பேசினார். முடிவை முதலில் அண்ணனிடம் மட்டுமே சொன்னார். வெளியே நின்ற எனக்கும் அண்ணிக்கும் அவருடைய சம்மதம் கிடைத்த பின்புதான் சொன்னார். 2017-ஆம் ஆண்டில் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இதைத்தான் கட்டாயமாக்கியிருக்கிறது என்பது பின்னால் தெரிந்துகொண்ட செய்தி. அன்றைக்கு அது சட்டமாகத் தெரியவில்லை, மரியாதையாகத் தெரிந்தது. அண்ணிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அடுத்த நாளே பரிசோதித்தார்கள். மூவருக்கும் தொற்று இல்லை என்று வந்த அந்த மாலையில்தான் அண்ணன் சிகிச்சைக்கே ஒப்புக்கொண்டார்.

நோயெதிர்ப்பாற்றலைக் காட்டும் இரத்த வெள்ளணுக்களின் கணக்கான சி.டி.4 எண்ணிக்கை அண்ணனுக்கு 58. ஆரோக்கியமான ஒருவருக்கு அது 500-க்கு மேல் இருக்கும். இவ்வளவு குறைந்திருப்பவருக்கு மருந்தை உடனே கொடுத்துவிட முடியாதா என்று நான் அவசரப்பட்டேன். மையத்தின் மருத்துவர் சில நாள் எடுத்துக்கொண்டு, இருமலும் எடைக்குறைவும் பற்றிக் கேட்டு, மார்பு எக்ஸ்ரே பார்த்து, மஞ்சள்காமாலை பி வைரஸுக்கும், கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சைக்கும் இரத்தத்தைச் சோதித்தார். அந்தப் பூஞ்சை மூளைச்சவ்வில் பதுங்கியிருக்கும்போது எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை முந்திக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த மூளைச்சவ்வு நோய்க்கு மருந்து தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் கூட்டு மருந்தும் பெற்றவர்களில் 26 வாரத்துக்குள் 45 விழுக்காட்டினர் இறந்தார்கள்; ஐந்து வாரம் பொறுத்துப் பெற்றவர்களில் 30 விழுக்காட்டினர் இறந்தார்கள். இதை எனக்குச் சொன்னவர் அந்த மருத்துவரே. பொறுமையிழந்து கேட்ட கேள்விக்கு எரிச்சலோடு பதில் சொல்லாமல் காரணத்தைச் சொன்னார். அரசு மருத்துவமனைக் கூட்டத்தில் அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு பெரியது என்பது வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

எல்லாம் சரியாக இருந்ததால் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையை இரவு உணவுக்குப் பின் தொடங்கினார்கள், கூடவே வேறு தொற்றுகள் வராமல் தடுக்கும் கோட்ரைமாக்சசோல். ஒரு வாரம் கழித்துப் புற்றுநோய்ப் பிரிவில் முதல் சுற்றுக் கீமோதெரபி. அது 21 நாளுக்கு ஒரு முறை. ஒவ்வொரு சுற்றிலும் ஊசி மருந்துகளோடு, முதல் ஐந்து நாளைக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையும் உண்டு. இந்த ஐந்து நாள் மாத்திரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து கொடுத்த அன்று மையத்தின் மருத்துவர் ஒன்று சொன்னார்: "அடுத்த மூணு மாசத்துல புதுசா காய்ச்சலோ, கட்டியோ, மூச்சுத்திணறலோ வந்தா, மாத்திரையை நிறுத்தாம நேரா இங்க வந்துடுங்கம்மா." நான் தலையாட்டினேன். அன்று எங்களிடம் சொல்லப்பட்டவை இருபது விஷயங்கள் இருக்கும். இது அவற்றுள் ஒன்றாகப் புதைந்துபோனது. என் முதல் குறை இதுதான். இந்த ஒரு வாக்கியத்தைத் துண்டுச்சீட்டில் அச்சிட்டுக் கொடுத்திருந்தால் எங்களுக்கு மூன்று நாளும் நிறையப் பணமும் மிஞ்சியிருக்கும்.

இடது கழுத்துக் கட்டி முதல் சுற்றிலேயே பாதியாகச் சுருங்கியது. நாங்கள் மகிழ்ந்துகொண்டிருந்தபோது லேசான காய்ச்சல் எட்டிப் பார்த்தது. இரண்டாம் சுற்று தொடங்கியதும் போய்விட்டது. அந்தச் சுற்றின் ஐந்து நாள் மாத்திரைகள் முடிந்து நான்காம் நாள், அதாவது கூட்டு மருந்து தொடங்கிய 36-ஆம் நாள், ஒரு சனிக்கிழமை இரவில், 103 டிகிரி காய்ச்சலோடு வலது கழுத்தில் புதிதாக ஒரு கட்டி எழுந்தது. சிவந்து, தொட்டால் சுட்டு, விரல் பட்டாலே அண்ணன் முகம் சுளிக்கும் அளவுக்கு வலித்தது.

மையம் ஞாயிறன்று இல்லை. அழைக்கத் தொலைபேசி எண்ணும் இல்லை. நகரில் வேறொரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம்; அதன் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. கீமோதெரபிக்குப் பின் காய்ச்சல் வந்தால் முதலில் வெள்ளணு எண்ணிக்கையைப் பார்த்து, இரத்தத்தைக் கிருமிச் சோதனைக்கு அனுப்பி, தாமதிக்காமல் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போடவேண்டும். அதை அவர்கள் சரியாகவே செய்தார்கள், அதற்கு என் நன்றி உண்டு. ஆனால் ஊசிக்குக் காய்ச்சல் இறங்காதபோது ஸ்கேன் எடுத்து, வலது கழுத்திலும் நுரையீரல்களுக்கு நடுவிலும் புதிய சுரப்பி வீக்கங்கள் இருப்பதைக் காட்டி, புற்றுநோய் மருந்துக்குக் கட்டுப்படாமல் பரவிவிட்டது, இன்னும் கடுமையான மருந்துக்கு மாறவேண்டும், அதுவரை எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்தி வையுங்கள் என்றார்கள். மூன்று நாளில் 38,000 ரூபாய் ஆனது. அண்ணி அன்று இரவு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை, ஸ்கேன் படங்களோடு ஏ.ஆர்.டி. மையத்துக்கு வந்து நின்றோம். மருத்துவர் படத்தை உடனே பார்க்கவில்லை. சிகிச்சைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "கூட்டு மருந்து ஆரம்பிச்சு இன்னைக்கு எத்தனாவது நாள்?" என்று கேட்டார். இந்தச் சேவைக்கு நான் எவ்வளவு மதிப்பெண் கொடுத்தாலும் அதில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்கே உரியது. மூன்று நாளாக எத்தனையோ பேர் அண்ணனைப் பார்த்தார்கள். ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

அவர் சந்தேகித்தது, நோயெதிர்ப்பாற்றல் மீளும்போது வரும் அழற்சியை. மருத்துவர்கள் அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஐரிஸ்' என்கிறார்கள். அண்ணனுக்கு அவர் விளக்கிய விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. "உங்க தோட்டத்துல காவல்காரன் படுத்த படுக்கையா இருந்தப்போ திருடன் உள்ள நுழைஞ்சு சத்தமில்லாம உட்கார்ந்திருக்கான். இப்ப காவல்காரனுக்கு உடம்பு தேறி எழுந்துட்டான். கையில கெடச்ச கட்டையை எடுத்துச் சுத்துறான். செடியெல்லாம் ஒடியுது, ஊரே கேக்குற மாதிரி சத்தம் போடுறான். திருடன் இன்னைக்கு வந்தவன் இல்லைங்க, அவன் எப்பவோ வந்தவன்." அண்ணன் பல மாதங்களுக்குப் பின் அன்று சிரித்தார்.

இதில் இரண்டு வகை உண்டு. ஏற்கெனவே தெரிந்து மருந்து எடுத்துவரும் ஒரு தொற்று, கூட்டு மருந்து தொடங்கிய பின் திடீரென்று மோசமாவதுபோல் தோன்றுவது ஒன்று. யாருக்கும் தெரியாமல் பதுங்கியிருந்த தொற்று முதன்முதலாக வெளியே தலைகாட்டுவது மற்றொன்று. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் வரும். சி.டி.4 எண்ணிக்கை 100-க்கும் கீழே இருக்கும்போது கூட்டு மருந்தைத் தொடங்குபவர்களுக்கு ஆபத்து அதிகம். நம் நாட்டில் இப்படிப் பதுங்குவதில் முதலிடம் காசநோய்க்குத்தான். எதிர்ப்பாற்றல் மிகவும் தாழ்ந்திருக்கும்போது காசநோய்க் கிருமி உடலில் இருந்தாலும் இருமலோ காய்ச்சலோ இல்லாமல், எக்ஸ்ரேயிலும் தெரியாமல் இருக்கக்கூடும். ஏனெனில் அந்த அறிகுறிகளில் பலவற்றைத் தோற்றுவிப்பதே உடலின் எதிர்ப்புதான்.

புற்றுநோயாளிகளிடம் இதைக் கண்டுபிடிப்பது இரட்டிப்புக் கடினம் என்பதை அடுத்த இரண்டு நாளில் கண்ணால் பார்த்தேன். புற்றுநோய்ப் பிரிவிலிருந்து ஓர் இளம் மருத்துவர் ஒரு நியாயமான மறுப்பைச் சொன்னார்: சி.டி.4 மறுபடி பார்த்ததில் 71-தான் இருக்கிறது, எதிர்ப்பாற்றல் மீளவே இல்லையே, அழற்சி எங்கிருந்து வரும்? ஏ.ஆர்.டி. மையத்து மருத்துவர் பொறுமையாகப் பதில் சொன்னார். கீமோதெரபி அந்த அணுக்களைத் தொடர்ந்து குறைத்துக்கொண்டிருக்கும். இரத்தத்தில் எண்ணிக்கை ஏறாமலேயே திசுக்களில் எதிர்ப்பாற்றல் விழித்துக்கொள்ளலாம். இத்தகைய நோயாளியிடம் வைரஸின் அளவு இறங்கியதா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்றார். வழக்கமாக ஆறாம் மாதத்தில் செய்யும் வைரஸ் அளவுப் பரிசோதனையைச் சிறப்பாகக் கேட்டு முன்கூட்டியே அனுப்பினார். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 400 வைரஸ் பிரதிகளுக்குக் கீழே வந்திருந்தது.

இன்னொரு தடயம் அந்த ஐந்து நாள் மாத்திரை. முதலில் வந்த லேசான காய்ச்சல் ஸ்டீராய்டு எடுத்த நாட்களில் மறைந்ததும், நிறுத்திய சில நாளில் பெருங்காய்ச்சலாகத் திரும்பியதும் அழற்சிக்குப் பொருந்திவரும். ஆனால் லிம்போமாவும் ஸ்டீராய்டுக்குச் சுருங்கும். ஆகவே இதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்லமுடியாது என்றார். இதைவிட அவரை யோசிக்கவைத்தது, பழைய இடது கட்டி தொடர்ந்து சுருங்கிக்கொண்டிருக்க, வலது கட்டி மட்டும் வளர்வது; அதுவும் லிம்போமாக் கட்டி ரப்பர்போல் வலியின்றி இருந்தது, இது கொதித்துக்கொண்டிருந்தது. இத்தனைக்குப் பிறகும் அவர் எதையும் முடிவாகச் சொல்லவில்லை. "ஊசியை விட்டுப் பாக்காம நானும் பேசக்கூடாது, அவங்களும் பேசக்கூடாது" என்றார். இந்த வாக்கியத்துக்காகவே இந்த மையத்தை நான் பிறருக்குச் சொல்வேன்.

அன்று மதியமே வலது கட்டியில் ஊசி விட்டு உறிஞ்சினார்கள். சீழ் வந்தது. ஒரு பகுதியைப் புற்றணு இருக்கிறதா என்று பார்க்க நோய்க்கூறு ஆய்வகத்துக்கும், ஒரு பகுதியைக் காசநோய்க் கிருமியைக் கண்டறியும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவிக்கும் அனுப்பினார்கள். மறுநாள் முடிவு வந்தது: காசநோய்க் கிருமி உண்டு, காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் வகை. இரண்டு நாள் கழித்து, மாதிரியில் புற்றணு இல்லை என்றும் வந்தது. லிம்போமாவுக்கு மருந்து வேலை செய்துகொண்டுதான் இருந்தது. மாற்றவேண்டிய தேவையே இருக்கவில்லை.

காசநோய் மருந்துகள் அன்றே தொடங்கின: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. கூட்டு மருந்தை நிறுத்தவில்லை. உயிருக்கு ஆபத்தான நிலை இருந்தாலொழிய ஐரிஸ் வந்ததற்காகக் கூட்டு மருந்தை நிறுத்தக்கூடாது என்பதை அவர் எங்களிடம் மூன்று முறை சொன்னார். தனியார் மருத்துவமனையில் சொன்னதைக் கேட்டு நாங்கள் நிறுத்தியிருந்த இரண்டு நாளுக்காக வருத்தப்பட்டார், கடிந்துகொள்ளவில்லை. ரிஃபாம்பிசின் டோலுடெக்ராவிரை உடலிலிருந்து விரைவாக வெளியேற்றிவிடும் என்பதால், வழக்கமான இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் தள்ளி, காலையில் 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் தனியாகச் சேர்த்தார்கள். மூன்றாம் சுற்றுக் கீமோதெரபி பத்து நாள் தள்ளிப்போனது. ரிஃபாம்பிசின் இரத்தத்தில் கீமோ மருந்துகளின் அளவையும் ஸ்டீராய்டின் அளவையும் குறைக்கக்கூடியது என்பதால் இரண்டு பிரிவுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசின. அந்தக் காட்சியை எட்டு மாதத்தில் ஒரு முறைதான் பார்த்தேன். அடிக்கடி நடக்கவேண்டியது அது.

காசநோய் மருந்து தொடங்கியதும் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்தோம். இரண்டாம் வாரத்தில் கட்டி இன்னும் பெருத்து, தோல் மெலிந்து, உடையும் நிலைக்கு வந்தது. இதற்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள். கேப் டவுனில் 240 நோயாளிகளிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், காசநோயோடு கூட்டு மருந்து தொடங்கும், சி.டி.4 குறைந்த நோயாளிகளுக்கு முன்கூட்டியே நான்கு வாரம் பிரெட்னிசோலோனுக்கு இணையான பிரெட்னிசோன் கொடுத்தபோது இந்த அழற்சி 47 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வில் கபோசி சார்க்கோமா என்னும் புற்றுநோய் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. ஸ்டீராய்டு அந்தப் புற்றுநோயைக் கிளறிவிடும். ஆகவே அண்ணனுக்கு மாத்திரை எழுதும் முன் மருத்துவர் டார்ச் விளக்கோடு வாயின் மேலண்ணத்தையும், சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகையும், பாதங்களையும் ஊதா நிறத் தழும்பு இருக்கிறதா என்று தேடினார். இல்லை என்று உறுதியான பின்னரே எழுதினார். சீழை மேலும் இரண்டு முறை ஊசியால் எடுத்தார்கள். ஆறு வாரத்தில் கட்டி வடுவானது.

மருந்தகத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஸ்டீராய்டால் வயிறு புண்ணாகாமலிருக்கப் புற்றுநோய்ப் பிரிவில் ஓர் அமிலமுறிப் பாகும், எலும்புக்குக் கால்சியம் மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அண்ணன் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி இரவு மாத்திரையோடு விழுங்கிவந்தார். ஏ.ஆர்.டி. மையத்தின் மருந்தாளுநர் மாத மாத்திரைகளை எண்ணிக் கொடுக்கும்போது வழக்கம்போல் "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, பையைக் காட்டுங்க" என்று கேட்டுப் பையைக் கொட்டிப் பார்த்தார். அலுமினியமும் மக்னீசியமும் உள்ள அந்தப் பாகு டோலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கூட்டு மருந்தை அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ எடுக்கவேண்டும். கால்சியத்தை உணவோடு சேர்த்து எடுத்தால் சேர்ந்தே எடுக்கலாம் என்று சொல்லி, மாத்திரை அட்டைகளின் பின்னால் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தார். என் அண்ணிக்குப் படிக்க வராது. அந்தப் படங்கள் இன்றும் அவர்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கின்றன.

இனிக் குறைகள். ஏ.ஆர்.டி. மையத்துக்கும் புற்றுநோய்ப் பிரிவுக்கும் தனித்தனி நாள், தனித்தனிக் கோப்பு, தனித்தனி வரிசை. ஏற்காட்டிலிருந்து ஒவ்வொரு முறையும் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரவேண்டும். கீமோதெரபி முடிந்த உடம்போடு பேருந்தில் மலையேறுவது எப்படி இருக்கும் என்பதை, அடிவாரத்திலிருந்து மேலே போகும்வரை அண்ணனின் தலையை மடியில் வைத்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு முறை போதும். மூன்றாம் சுற்றுக்குப் பின் அவரை அஸ்தம்பட்டியில் என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். சேலத்தில் உறவினர் இல்லாத மலைக்காரர்கள் என்ன செய்வார்கள்? இரண்டு பிரிவின் வருகையையும் ஒரே நாளில் வைத்தால், செலவு ஏதுமின்றி இந்தத் துன்பத்தில் பாதி தீரும்.

வார இறுதியில் அழைக்க ஓர் எண் இல்லாதது அதைவிடப் பெரிய குறை. இப்போது ஆலோசகர் தன் சொந்த எண்ணைத் தந்திருக்கிறார். அது அவருடைய நல்ல மனம். அதைச் சேவையின் ஒழுங்காகக் கணக்கிட முடியாது. தேசிய உதவி எண் 1097-ஐ அழைத்தால் பொதுவான வழிகாட்டுதல் கிடைக்கும். கழுத்தில் கொதிக்கும் கட்டியோடு நிற்பவருக்குத் தேவைப்படுவது தன் கோப்பை அறிந்த ஒருவரின் குரல்.

வெளியே ஸ்கேன் எடுக்கச் சென்ற ஒரு தனியார் மையத்தில் அண்ணனின் விண்ணப்பத் தாளின் மேல் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பதைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதி, காத்திருப்போர் நடுவே மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். அண்ணன் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். இதைப் பற்றி ஏ.ஆர்.டி. மையத்தில் சொன்னபோது, சட்டப்படி அப்படிச் செய்யக்கூடாது என்று விளக்கி, புகார் எழுத உதவட்டுமா என்று ஆலோசகரே கேட்டார். அண்ணன் வேண்டாம் என்றார். அடுத்த முறை ஸ்கேனுக்கு அந்த ஆலோசகரே உடன் வந்தார்.

செலவைப் பொறுத்தவரை, கூட்டு மருந்து, காசநோய் மருந்து, ஜீன்எக்ஸ்பெர்ட், சி.டி.4, வைரஸ் அளவு எல்லாம் இலவசம். கீமோதெரபி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நடக்கிறது. காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. ஒரு மாதம் தாமதமானது, கேட்டவுடன் சரிசெய்தார்கள். எட்டு மாதத்தில் நாங்கள் கையிலிருந்து பெரிதாகச் செலவழித்தது அந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கி மூன்று நாளைக்குத்தான்.

வேறு புற்றுநோய் உள்ளவர்களுக்கும் இந்தச் சேவை பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு, காத்திருப்பு வரிசையில் நான் பழகியவர்களிடமிருந்து அறிந்ததைச் சொல்கிறேன். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு. அங்கே அந்த நோயோடு வந்தவர்கள் பலர். அவர்களுக்குக் கதிர்வீச்சோடு கொடுக்கும் சிஸ்பிளாட்டினும் கூட்டு மருந்திலுள்ள டெனோஃபோவிரும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை என்பதால், ஒவ்வொரு ஊசிக்கு முன்பும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்க்கிறார்கள். டோலுடெக்ராவிர் சிறுநீரகத்துக்குத் தீங்கின்றியே கிரியேட்டினினைச் சற்று உயர்த்திக் காட்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருப்பதால் வீணாகப் பயமுறுத்துவதில்லை. இந்த இரண்டு மருந்துலகையும் சேர்த்தறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் இரண்டு மூன்று பேரே என்பதுதான் என் கவலை; அவர்களில் ஒருவர் மாற்றலாகிப் போனால், அடுத்து வருபவர் அந்தக் கேள்வியைக் கேட்பாரா?

அண்ணனுக்கு ஆறு சுற்றுக் கீமோதெரபியும் முடிந்துவிட்டது. காசநோய் மருந்தும் முடியும் தறுவாயில் இருக்கிறது. அது முடிந்து இரண்டு வாரம் வரை காலை மாத்திரையைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். சி.டி.4 இப்போது 140. கடைசி ஸ்கேனில் இடது கழுத்திலும் மார்பிலும் ஒன்றும் இல்லை. நாகலூரில் காபிச் செடிகள் காய் பிடித்திருக்கின்றன. இந்தப் பருவத்தில் பறிப்புக்கு ஆள் வைத்துவிட்டு மேற்பார்வை மட்டும் பார்ப்பதாக அண்ணன் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

புற்றுநோய்ப் பிரிவின் கோப்பில் வயது, எடை, இரத்த வகை, ஒவ்வாமை என்று வரிசையாக அச்சிட்ட கட்டங்கள் உண்டு. கூட்டு மருந்து தொடங்கிய தேதிக்குக் கட்டம் இல்லை. அண்ணனின் கோப்பில் அந்தத் தேதியை உள்ளட்டையில், ஒவ்வாமைக் கட்டத்துக்குப் பக்கத்தில் மிஞ்சியிருந்த ஒரு விரற்கடை இடத்தில், அங்குள்ள செவிலியர் ஒருவர் தாமாகவே நீல மையில் எழுதி வைத்தார். அந்த வரியைப் படிவத்திலேயே அச்சிடக் கோரி ஒரு விண்ணப்பம் எழுதி, சென்ற வாரம் அண்ணனை மருந்துக்கு அழைத்துச் சென்றபோது கொடுத்து வந்திருக்கிறேன்.